ரேணிகுண்டாவில் இறங்குமா?

கேள்வி: ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானம் மறுபடி வரப்போகிறதாமே, எங்கள் திருப்பதிக்கும் வருமா? (வாசகர், சித்தூர்)

பதில்: திருப்பதியின் ரேணிகுண்டா விமான நிலையத்தில் காத்திருக்காதீர்கள். ஹைதராபாத் தூரத்துக்கெல்லாம், வேகம் பிடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும்! மணிக்கு 2,150 கி.மீ. வேகத்தில் பறந்த பழைய பயணிகள் விமானமான கான்கார்டுக்கு எமனாக வந்தது எரிபொருள் செலவு மட்டுமல்ல, தரையில் இடிபோல் கேட்கும் அதன் அதிர்வொலியும்தான். லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் சேவை 1977 டிசம்பரில் தொடங்கியது. மலேசியா ஆட்சேபிக்க, மூன்றே நடையில் நின்றது. 1979-இல் மீண்டும் வந்தபோது, நம் வான்வெளியில் ஒலிவேகத்தைத் தாண்ட இந்தியா விடவில்லை. 1980-இல் மூட்டை கட்டினார்கள். நான் இந்தியா பக்கம்தான். கீழே இருப்பவர்களுக்கும் காது உண்டே. 2003-இல் கான்கார்டே ஓய்ந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் பூம் நிறுவனச் சோதனை விமானம் ஒலிவேகத்தைத் தாண்டியது உண்மை. பயணிகளை ஏற்றும் நாள் வந்தால், கடல் கடக்கும் நெடுவழிகளுக்கே முதலிடம். டிக்கெட் விலை, மலையப்பரே மலைக்கும்படி இருக்கும் என்பது என் கணிப்பு.