ஓ.டி. இல்லாத மாதம்

கைக்கு 85,000 ரூபாய் வருகிறது. படப்பையில் சொந்த ஃபிளாட், வாசலில் கார். ஆனாலும் ஒரு ஷிப்டைக் குறைக்கப்போகிறார்கள் என்று கம்பெனி பஸ்ஸில் பேச்சு அடிபட்டால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இவ்வளவு சம்பாதித்துமா பயம் என்று ஊரில் கேட்பார்களே என்ற கூச்சம். கூச்சப்பட ஒன்றுமில்லை. பயத்துக்கான காரணம் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது.

அந்தச் சீட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வாடகைப்படி ஒரு பக்கம். ஓ.டி., ஷிப்ட் அலவன்ஸ், உற்பத்தி இன்சென்டிவ் மறுபக்கம். பிடித்தம் போக 55,000தான் நிலையானது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. அதனால்தான் கை நிறைகிறது. ஆர்டர் குறைந்தால் நிர்வாகம் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். யாரையும் வேலையைவிட்டு அனுப்பாமலே மாதம் 30,000 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

வீட்டுக்கடன் 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 34,700. முதல் தவணையில் 28,300 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 6,400தான். காருக்கு ஒரு 10,000 கட்டினால் நிலையான சம்பளத்தில் மிச்சம் 10,000 சொச்சம். அரிசி, பள்ளிக் கட்டணம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாமே ஓ.டி.யை நம்பித்தான் நடக்கின்றன.

ஓ.டி. மட்டுமல்ல, ஆலையே நின்றுபோவதையும் இந்தப் பகுதி கண்ணால் பார்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014இல் மைக்ரோசாஃப்ட் கைபேசித் தொழிலை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நவம்பர் 1இல் ஆலை நின்றது. 2021 செப்டம்பரில் மறைமலை நகர் ஃபோர்டு மூடும் அறிவிப்பு வந்தது. இரண்டு இடத்திலும் லைனில் நின்றவர்களின் வேலையில் ஒரு குறையும் இல்லை.

வெளியே வந்தால் பெருந்தொகை கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஓ.டி.க்கு பொதுவாக பி.எஃப். பிடிப்பதில்லை, கிராஜுவிட்டியிலும் பொதுவாக அது சேராது. கிராஜுவிட்டிக்கு எடுக்கும் சம்பளம் 30,000 என்றால் 8 ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 1,38,000. வீட்டுக்கடனின் நான்கு மாதத் தவணைக்குச் சரியாகப் போய்விடும்.

ஆகவே குடும்பச் செலவை நிலையான சம்பளத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒரே மாதத்தில் முடியாது. கார் கடன் முடியும்வரை இழுபறியாகத்தான் இருக்கும். அதுவரை ஓ.டி. பணத்தில் முடிந்த அளவை ஜிபே இணைக்காத வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். ஆறு மாதத் தவணையும் வீட்டுச்செலவும் சேரும்வரை அதைத் தொடாதீர்கள். அதைக் கம்பெனி நண்பர் பிடிக்கும் ஏலச்சீட்டில் போடவே வேண்டாம். நண்பர் நாணயமானவராகவே இருக்கலாம். ஆனால் கம்பெனி தடுமாறினால் சீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் தடுமாறுவார்கள்.

கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். தனியாக ஒரு குடும்பப் பாலிசியை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை போகலாம். வேலையில் இருக்கும்போதே அது கழிவது நல்லது.

ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி அரியர் வரும்போது நகைக்கடைக்குப் போவதற்கு முன் வங்கிக்குப் போங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. தவணையைக் குறைக்கவா, ஆண்டுகளைக் குறைக்கவா என்று கேட்பார்கள். ஆண்டுகளைக் குறைத்தால் வட்டி அதிகம் மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனாலும் ஓ.டி.யை நம்பி வாழும் வீட்டுக்கு நான் தவணையைக் குறைக்கத்தான் சொல்வேன். 4 லட்சம் கட்டினால் மாதம் 3,500 ரூபாய் அளவில் குறையும். அந்த மிச்சத்தையும் தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதச் செலவு சேர்ந்த பிறகு ஆண்டுகளைக் குறைத்துக்கொள்ளலாம்.