புகையின் நிறம் சொல்லும் சேதி

மாணவர்களே, கெந்திங் மலைச்சாலையில் விரைந்து ஏறிய டர்போ கார் ஒன்று, எஞ்சின் ஓடியபடியே உச்சியில் சில நிமிடம் நிற்கிறது. மீண்டும் எண்ணெய் மிதியை அழுத்தியதும் நீலப் புகை! கோளாறு எங்கே?

முதலில் நிறத்தைப் பாருங்கள்.

கறுப்பு: எரிபொருள் அதிகம் அல்லது காற்று குறைவு. டர்போவின் காற்றுக்குழாய் கழன்றாலும் இப்படி வரும்.

வெள்ளை: காலையில் சற்று நேரம் தோன்றி மறைந்தால் வெறும் நீராவி. இனிப்பு வாடையுடன் நீடித்தால் குளிர்விப்புத் திரவம் எஞ்சினுக்குள் கசிகிறது, காரை ஓட்டக்கூடாது.

நீலம்: எஞ்சின் எண்ணெய் எரிகிறது.

அடுத்து, நேரத்தைக் கவனியுங்கள். வேகம் கூட்டும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். நம் காரைப்போல், நின்று ஓடிய பிறகு வந்தால் டர்போவிலோ வால்வு சீலிலோ கசிவு இருக்கலாம்.

டர்போவில் ஏன் கசிகிறது? வெளியேறும் சூடான வாயு அதன் தண்டை நிமிடத்திற்கு 100,000 முறைக்கு மேல் சுழற்றுகிறது. அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. கடுமையாக ஓட்டியவுடன் எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நிற்கும். சூடு உடனே தணியாது. தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். நாளடைவில் எண்ணெய் திரும்பும் வழி அடைபட்டு, புகைக்குழாய்ப் பக்கம் கசியும்.

ஆகவே, மலையேறியதும் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நல்லது.

சிந்திக்க: எண்ணெய் அளவு குறைந்தால் டர்போவுக்கு என்ன நேரும்?