டியூப் இல்லாச் சக்கரம்

மிதிவண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர், வெளியே தடித்த டயரும் உள்ளே மெல்லிய ரப்பர் டியூபும் இருத்தலை அறிவர். காற்றைத் தாங்குவது டியூப். அதனைக் காப்பது டயர். பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், காற்றடைத்த டயருக்கு 1888-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்றும் பெரும்பாலான மிதிவண்டிகள் டியூபைக் கொண்டே ஓடுகின்றன. ஆயினும் 1999-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிறுவனங்கள் சில கூடி, டியூபை அறவே நீக்கிய மிதிவண்டிச் சக்கரத்தை வெளியிட்டன. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும் தொல்லை இதில் இல்லை. ஆகலின் குறைந்த காற்றிலும் அச்சமின்றி ஓட்டலாம்.

டியூபை நீக்கிவிட்டால் காற்று எங்ஙனம் தங்கும்? அது வெளியேறுதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஆரக்கம்பிகளின் முனைகள் பொருந்திய துளைகள் ஒரு வழி. வால்வு நிற்கும் துளை மற்றொன்று. டயரின் விளிம்பு ரிம்மோடு சேருமிடம் மூன்றாவது. இதற்கெனச் செய்த டயரும் ரிம்மும் இருப்பின், இம்மூன்றையும் வீட்டிலேயே அடைத்துவிடலாம்.

ஆரக்கம்பித் துளைகளை மூடுவது காற்றுப் புகாத ஒட்டுநாடா. அது ரிம்மின் உள் அகலத்தைவிடச் சில மில்லிமீட்டர் அகன்றதாய் இருத்தல் வேண்டும். ஸ்பிரிட்டு தோய்ந்த துணியால் ரிம்மைத் துடைத்து, நாடாவை இழுத்துப் பிடித்தவாறே ஒட்டுக. பின்பு வால்வுத் துளைக்கு நேரே சிறிதாகக் குத்தி, வால்வைச் செருகி, அதன் மரையைக் கையால் மட்டும் முடுக்குதல் வேண்டும். நாடா ஒட்டுவதில் அவசரம் காட்டியவர், பின்னர் அனைத்தையும் பிரித்து மீண்டும் தொடங்க நேரிடும்.

மூன்றாவது வழியை அடைப்பதில்தான் ஒரு புதிர் எழுகின்றது. டயரின் விளிம்பை ரிம்மோடு அழுத்தி நிறுத்துவது உள்ளிருக்கும் காற்று. அவ்விளிம்பு பொருந்தாவிடிலோ காற்று உள்ளே நில்லாது. இம்முடிச்சை அவிழ்ப்பது விரைவே. கசியும் வேகத்தினும் மிக்க வேகத்தில் காற்றைச் செலுத்தின், விளிம்பு தானே எழுந்து அமரும்.

ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகின்றது. அதன் இருபுறமும் மேடான படிகள் உள்ளன. டயரை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் ஏற்றத் தொடங்கி, வால்வின் அருகே முடித்தல் நலம். ஏற்றிய பகுதியைப் பள்ளத்துள் தள்ளினால் எஞ்சிய பகுதிக்குத் தளர்ச்சி கிடைக்கும். பிறகு விளிம்பெங்கும் சோப்பு நீரைத் தடவுக. வால்வினுள் திருகப்பட்டுள்ள சிறு உட்பகுதியைக் கழற்றிவிடின், காற்றுக்கு வழி அகலமாகும். தரையில் நிறுத்தி அடிக்கும் பெரிய பம்பைப் பொருத்தி, இடைவிடாது அடித்தல் வேண்டும். 'டப்', 'டப்' என்னும் ஓசை எழுமாயின், விளிம்புகள் படியேறி அமர்ந்தன என்று அறியலாம். கேட்பதற்கு இனிய ஓசை அது!

கை ஓய்ந்தும் விளிம்பு எழாமலிருப்பது உண்டு. அப்போது டியூப் ஒன்றை உள்ளே வைத்துக் காற்றடித்து, ஓர் இரவு விட்டுவிடுக. மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை உருவினால், மற்றப் பக்கம் அமர்ந்தபடியே இருக்கும். பாதி வேலை முடிந்தது. தீப்பற்றும் ஆவியை உள்ளே தெளித்துக் கொளுத்தி, அவ்வெடிப்பால் டயரை அமர்த்துவோரும் உளர். அது கண்ணையும் கையையும் இழக்கும் வழி. காற்றை மிகையாக அடித்தலும் அத்தகையதே. டயரிலும் ரிம்மிலும் குறித்த உச்ச அளவுகளுள் குறைந்ததைத் தாண்டுதல் கூடாது. விளிம்பைப் பற்றும் கொக்கி இல்லாத ரிம்களுக்கு 5 பார், அதாவது சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 72 பவுண்டு, என்பதே வரம்பு. மீறினால் டயர் ரிம்மினின்று கழன்று தெறிக்கக்கூடும். சரிவில் விரைந்து இறங்குபவன் அதனால் உயிரையே இழக்க நேரலாம்.

விளிம்பு அமர்ந்தபின் காற்றை இறக்கிவிட்டு, வால்வின் வழியே அடைப்புப் பாலை ஊற்றவேண்டும். இது பெரும்பாலும் ரப்பர்ப் பாலும் நுண்துகள்களும் கலந்தது. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவக் கண்டவர், பால் சில மணி நேரம் வடிந்து தானே நின்றுவிடுதலை அறிவர். பால் திரண்டு, தான் வரும் நுண்குழல்களின் வாயை அடைத்துக்கொள்கின்றது. டயரிலும் அதுவே நிகழ்கின்றது. முள் குத்தியவுடன் காற்று சீறிப் பாய்ந்து பாலைத் துளைக்கு இழுத்துச் செல்லும். துகள்கள் சிக்கிக்கொள்ள, பால் திரண்டு அடைத்துவிடும். ஒடுங்கிய டயருக்கு 30 முதல் 60 மில்லிலிட்டர் போதும். மலைப்பாதைக்குரிய அகன்ற டயருக்கு 100 மில்லிலிட்டர் அளவில் தேவைப்படும். வால்வின் உட்பகுதியை மீண்டும் திருகிக் காற்றடித்து, சக்கரத்தைக் குலுக்கிச் சுழற்றினால் பால் எங்கும் பரவும். ஆங்காங்கே வெண்குமிழிகள் தோன்றி அடங்கும். மறுநாளும் காற்று பெரிதும் குறைந்து, ஆரக்கம்பித் துளைகளில் குமிழி வருமாயின், நாடாவை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

இப்பாலின் நீர் சில மாதங்களில் ஆவியாகி, பால் ரப்பர்த் தோலாய்க் காய்ந்துவிடும். வெப்பமிக்க இடங்களில் இன்னும் விரைவில் காயும். அப்பொழுது புதிய பால் ஊற்றவேண்டும். கண்ணாடிச் சில்லு கிழித்த நீண்ட பிளவை இது அடைக்கமாட்டாது. அதனால் தொலைவு செல்வோர் டியூப் ஒன்றை மடித்துப் பையில் வைத்திருப்பர். பிளவு நேர்ந்தால், வால்வைக் கழற்றிவிட்டு அந்த டியூபை உள்ளே இட்டு வீடு திரும்பலாம். அதற்குமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்த்தல் வேண்டும். பால் அடைத்துவிட்டமையால் அறியப்படாமலே தைத்துக் கிடக்கும் முட்கள் பல அங்கே இருக்கும்.