பழைய மோபிலிட்டி ஸ்கூட்டரைத் தோட்ட வண்டியாக மாற்றும் முறை

எருவும் மண்ணும் நீரும் சுமப்பதே தோட்ட வேலையில் உடலை மிகவும் வருத்துவதாகும். முதுகு தளர்ந்தவர்க்குத் தள்ளுவண்டியைத் தூக்கி நடத்த இயலாத நாள் வந்ததும், தோட்டமே கைவிட்டுப் போய்விடுகிறது. இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. நடக்க இயலாதவர் ஏறிச்செல்லும் மோபிலிட்டி ஸ்கூட்டர் என்னும் மின்சார வண்டி அந்நாடுகளில் பெருவழக்கில் உள்ளது. 1968-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாகாணத்தில் ஆல் தீம் என்பவர், நோயுற்ற தம் குடும்பத்தவர் ஒருவருக்காக இவ்வகை வண்டியை அமைத்தார். உபயோகித்துக் கழித்த வண்டியின் ஆசனத்தை நீக்கிப் பெட்டி பொருத்தினால், அது பாரவண்டியாகிவிடும். அம்முறை கீழே விவரிக்கப்படுகிறது.

வண்டியின் அமைப்பு

பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு, 24 வோல்ட் மோட்டாரை இயக்குகின்றன. மோட்டாருடன் காந்த பிரேக் ஒன்று இணைந்திருக்கும். மின்சாரம் பாயும்போது அது விடுபடும். மின்சாரம் நின்றால் சுருள்வில்லின் விசையால் தானே பற்றிக்கொள்ளும். ஆகையால் விரலால் இயக்கும் நெம்புகோலை விட்டவுடன் வண்டி நின்று, நின்ற இடத்திலேயே இருக்கும். இவ்வண்டியின் தலையாய குணம் இதுவே. இதனைக் கெடாமல் காப்பதே மாற்றம் செய்பவரின் முதற் கடமை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பாட்டரி செத்துப்போனதனாலேயே பல வண்டிகள் கழிக்கப்படுகின்றன. மோட்டாரும் பல்சக்கரங்களும் நன்றாகவே இருக்கும். முழுதும் சார்ஜ் ஏறிய ஈயப் பாட்டரி, ஓய்வில் சுமார் 12.7 வோல்ட் காட்டும். மாற்ற நேர்ந்தால் இரண்டையும் ஒரே வகையில், ஒரே சமயத்தில் மாற்றுவது சிலாக்கியம். ஸ்விட்சை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்க்கவும்; நகர்ந்தால் பிரேக் பழுதென்று அறிந்து விலக்குக. மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் எளிதில் கவிழுமாதலால், நான்கு சக்கர வண்டியே ஏற்றது.

செய்யும் முறை

1. முதலில் சாவியை எடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றுக. கைமோதிரம், கடிகாரம் முதலியவற்றை நீக்கிவிடுக. 24 வோல்ட் உடலைத் தாக்காதெனினும், உலோகத்தால் குறுக்கிணைப்பு நேர்ந்தால் கடுந்தீப்புண் உண்டாகும்.

2. ஆசனத்தை நீக்கி, அதன் தண்டு நின்ற குழாயில் இரும்புச் சட்டத்தைப் பொருத்துக. ஆசனம் சுழலும் இயல்புடையதாகையால், சட்டத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடும் போல்ட்டால் பிணைத்தல் அவசியம்.

3. அதன்மேல் 90 செண்டிமீட்டர் நீளமும், 60 அகலமும், 30 உயரமும் உள்ள பலகைப் பெட்டி போதும். பாரம் தாழ்வாகவும், பின்னச்சுக்குச் சற்று முன்னாகவும் விழவேண்டும். பாட்டரியை எடுக்க வழி விடுக.

4. மின்கம்பி எதனையும் வெட்டலாகாது. கைப்பிடியை உள்ளவாறே வைத்து, வேகத் திருகை மிகக் குறைந்த அளவில் நிறுத்தி, வண்டியின் பக்கத்தில் நடந்து செலுத்துக. முன்னே நடத்தல் ஆகாது.

பார அளவு

வண்டியில் எழுதியுள்ள ஆள் எடையே பாரத்தின் எல்லை. அது 115 கிலோ எனக் கொள்வோம். பெட்டி 20 கிலோவாயின், 95 கிலோவே ஏற்றலாம். மேற்கூறிய பெட்டி 162 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு அரைக் கிலோ எடையுள்ள காய்ந்த இலைமக்கு நிறைய ஏற்றினாலும் 81 கிலோதான். ஈரமண்ணோ லிட்டருக்கு சுமார் ஒன்றரைக் கிலோ; நிறைத்தால் 243 கிலோ ஆகிவிடும்! ஆதலால் பெட்டியின் உட்புறத்தில் 11 செண்டிமீட்டர் உயரத்தில் கோடிட்டு, மண்ணை அதற்குமேல் ஏற்றாதிருக்கவும்.

முக்கிய எச்சரிக்கை

வண்டியைக் கையால் தள்ளுவதற்காக, பிரேக்கை விடுவிக்கும் சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும். பாரத்தோடும் சரிவிலும் அதனைத் தொடவே கூடாது. 50 கிலோ எடையுள்ள வண்டி, பெட்டியும் பாரமும் சேர்ந்து 165 கிலோவாகி, எட்டடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் நின்றால், 20 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். முதியவர் அதனைக் கையால் தாங்கி நிற்பதெங்ஙனம்? சுமை தட்டி அது திரும்பாதபடி தகட்டால் மறைத்துவிடுக. பாரம் ஏற்றுமுன் நாள்தோறும் பிரேக்கைச் சோதிக்கவும்.

வண்டியை மழையில் விடாமலும், பாட்டரியைச் சார்ஜ் இன்றி நெடுநாள் வைக்காமலும் காக்க வேண்டும். தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே ஓட்டுக, சாலைக்குக் கொண்டுபோகலாகாது. ஓடச்செய்தல் எளிது, வேண்டிய இடத்தில் நிற்கச்செய்தலே காரியம் என்பதை மறவாதவர்க்கு, இவ்வண்டி பல்லாண்டு துணையாகும்.