வைக்கோல் எத்தனால்: வயலில் முடிவாகும் கணக்கு

"வைக்கோல் வீணாகத்தானே எரிகிறது? ஈஸ்ட்டைப் போட்டால் எத்தனால் வந்துவிடும்."

ஈஸ்ட் வைக்கோலைத் தொடாது. சர்க்கரை ஆலையின் மொலாசஸில் சர்க்கரை கரைந்தே இருப்பதால் உடனே நொதிக்கும். வைக்கோலில் உள்ள சர்க்கரையோ செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலியாகப் பின்னிக் கிடக்கிறது. அதை ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வைக்கோலை நறுக்கி, நீர்த்த அமிலமும் அழுத்த நீராவியும் செலுத்தி அந்தப் பிடியை முதலில் தளர்த்த வேண்டும். பிறகு நொதிகள் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டி குளுக்கோஸ் ஆக்கும். ஈஸ்ட்டின் வேலை அதற்கப்புறம்தான். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸைச் சாதாரண ஈஸ்ட் உண்ணாது; அதற்கென்றே மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும்.

அந்த நொதிகளைத் தரும் பூஞ்சையின் பெயர் டிரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை அரித்துத் தின்றதால் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. பருத்தியும் செல்லுலோஸ்தான். நம் ஊரில் விதைநேர்த்திக்கு வாங்கும் டிரைக்கோடெர்மா விரிடி இதற்குப் பங்காளி.

"அமெரிக்காவிலேயே தோற்றுப்போன தொழில்நுட்பம்."

ஆலைகள் மூடியது உண்மை. மக்காச்சோளத் தட்டையை நம்பி அயோவாவின் எம்மெட்ஸ்பர்க்கில் 2014-இல் திறந்த ஆலை 2019-இல் எத்தனால் உற்பத்தியை நிறுத்தியது. அதே மாநிலத்தின் நெவாடா நகரில் டூபாண்ட் நிறுவனம் 2015-இல் திறந்த ஆலையை இரண்டே ஆண்டில் மூடியது. ருமேனியாவின் போதாரியில் கோதுமைத் தாளுக்காக கிளாரியன்ட் நிறுவனம் கட்டிய ஆலையும் நீடிக்கவில்லை. ஆனால் நொதியும் ஈஸ்ட்டும் வேலை செய்யாததால் இவை மூடவில்லை. மண்ணும் கல்லும் கலந்து வரும் தாளை அழுத்தக் கலனுக்குள் தடையின்றித் தள்ளுவது, விலை, கொள்கை, தாய் நிறுவனத்தின் முடிவு என்று காரணங்கள் பல. பிரேசிலில் ரையிசென் நிறுவனம் கரும்புச் சக்கையைக் கொண்டு 2015 வாக்கில் தொடங்கி, பிறகு இன்னோர் ஆலையும் கட்டியது. சக்கை, கரும்போடு சேர்ந்து ஆலை வாசலுக்கே வந்துவிடுகிறது. வைக்கோலை நாம் தேடிப் போக வேண்டும். என் பார்வையில் இந்தத் தொழிலின் தலையெழுத்தே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

"மாடு தின்னும் வைக்கோலைக் கொளுத்துகிறார்களே, பஞ்சாப் விவசாயிக்குப் பொறுப்பே இல்லை."

தமிழ்நாட்டில் இதை அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. நெல் தாளின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், அறுக்கும். அது சிலிக்கா. பஞ்சாபில் மாட்டுக்குக் கோதுமைத் தாள் தாராளமாகக் கிடைக்கிறது. பாஸ்மதி அல்லாத நெல் வைக்கோலை அங்கே விரும்பிப் போடுவதில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் வந்த சட்டம் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமையை நவம்பர் நடுவுக்குள் விதைத்தாக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் முழங்கால் உயரத்துக்கு அடித்தாளை நிறுத்திவிட்டு, மீதியை வயலெங்கும் இறைத்துவிட்டுப் போகும். அதை வெட்ட ஒரு இயந்திரம், வரிசையாகக் கூட்ட ஒன்று, கட்டாக்க ஒரு பேலர், ஏற்றிப்போக டிராக்டர் என்று எல்லாம் அந்த நாட்களுக்குள் விவசாயியின் வயலுக்கு வர வேண்டும். வராவிட்டால் தீக்குச்சிதான். 2024 நவம்பரில், தாளை எரிப்பதற்கான அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு 30,000 ரூபாய். பேலர் வராத வயலுக்கு அபராதம் மட்டும் வருவது நியாயமே இல்லை.

"பானிப்பட்டில் ஆலை வந்துவிட்டது, இனி புகை இருக்காது."

2022 ஆகஸ்ட் 10 அன்று ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயிலின் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் சேர்கிறது; இந்த ஆலை முழு வேகத்தில் ஓடினாலும் அதில் நூற்றில் ஒரு பங்குதான். பெட்ரோலில் 20 சதவீதம் கலக்க நாட்டுக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் எத்தனாலோ 1,000 கோடி லிட்டர் அளவு.

அந்த 2 லட்சம் டன்னே லேசில் சேராது. ஏக்கருக்கு இரண்டரை டன் என்று வைத்தால் 80,000 ஏக்கர். அதை ஒரு மாதத்துக்குள் சேகரித்து, மழை படாமல், தீப்பிடிக்காமல் வருடம் முழுக்க வைத்திருந்து, தினம் 600 டன் போல உள்ளே அனுப்ப வேண்டும். ஈரக்கட்டு நடுவே சூடேறி மக்கிவிடும். மக்கினால் சர்க்கரை போச்சு. மண் கலந்த கட்டும் சிலிக்காவும் வெட்டும் கத்திகளைத் தேய்க்கும். "கழிவு, சும்மா கிடைக்கிறது" என்று கணக்குப் போடுபவர்கள் இந்தச் செலவுகளைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

"எரிப்பதைவிட, முழுவதையும் வயலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது."

எரிப்பதைவிட நல்லது, சரி. முழுவதையும் என்பது தவறு. நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாஷில் பெரும்பங்கு மணியில் இல்லை, தாளில் இருக்கிறது. வருடாவருடம் தாள் ஆலைக்குப் போனால், அந்தப் பொட்டாஷை விவசாயி மூட்டையாக வாங்கிப் போட வேண்டும். பொட்டாஷ் உரத்துக்கு நம் நாடு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. மண்ணின் கரிமச் சத்தும் குறையும். ஹேப்பி சீடர் போன்ற கருவி அடித்தாளுக்கு நடுவிலேயே கோதுமையை விதைத்துவிடும். அது கிடைக்கும் வயலில் தாள் அங்கேயே இருக்கட்டும். ஆலைக்கு அருகில் உள்ள வயல்களிலிருந்து உதிரி வைக்கோலை மட்டும் எடுக்கலாம். எடுப்பதற்குத் தரும் விலையில், வண்டி வாடகையோடு, மண்ணை விட்டுப் போகும் சத்தின் விலையும் சேர்ந்து விவசாயி கைக்கு வர வேண்டும்.