உணவுக்குழாய்ப் புற்று குடலுக்குப் பரவும்போது

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். குடலுக்குள்ளது போன்ற வெளியுறை அதற்கு இல்லை. நிணநீர் நாளங்களும் அதன் சுவருக்குள் நீளவாக்கில் ஓடுகின்றன. ஆகவே புற்றணுக்கள் தோன்றிய இடத்திலிருந்து எளிதில் வெளியேறிவிடுகின்றன. பெரும்பாலும் அவை நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், நுரையீரல், எலும்பு ஆகியவற்றையே அடையும். அரிதாக இரைப்பைச் சுவரிலும், சிறுகுடல், பெருங்குடல், கணையம் ஆகியவற்றிலும் தங்கிவிடுவதுண்டு.

அங்கு வளரும் கட்டி குடலை அடைத்தால் வயிறு உப்பும், வாந்தி வரும். இரத்தம் கசிந்தால் மலம் தார்போல் கறுக்கும். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுப்பதுண்டு; அதையும் கேட்டே முடிவு செய்வோம்.) முன்பு இப்புற்றுக்குச் சிகிச்சை பெற்றவருக்கு இவை தோன்றினால் ‘வாயு’ என்று நாள் கடத்த வேண்டாம்.

எங்களை வருத்துவது மற்றொன்று. நோயாளிக்குத் தெரிந்துவிடுமே என்று பழைய கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, “வயிற்றுப் புண்தான்” என்று கூறும் உறவினர் உண்டு. அந்த அன்பு எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் பழைய திசுப் பரிசோதனை அறிக்கையும் கண்ணாடி வில்லையும் இருந்தால்தான், குடலில் கண்ட கட்டி பழைய நோயின் பரவலா, புதிதாகத் தோன்றிய புற்றா என்று ஒப்பிட்டுத் தெளிய முடியும். புதியதெனில் அறுவையால் குணமாக்கவும் வாய்ப்புண்டு; பரவலெனில் பெரும்பாலும் மருந்துச் சிகிச்சையும், அடைப்பை நீக்கும் வழிகளுமே.

வேடசந்தூர் போன்ற புகையிலை விளையும் ஊர்கள் சூழ்ந்த திண்டுக்கல்லில், வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தையும் மறவாமல் கேட்கிறோம். அப்பழக்கம் தொடர்ந்தால் வாயிலும் தொண்டையிலும் இரண்டாவது புற்று தோன்றக்கூடும்.

நோயாளியின் முன் பேசத் தயக்கமெனில், கோப்பைச் செவிலியரிடம் தனியே கொடுத்துவிடுங்கள்.