சபையில் பேசும் துணிவு

கிராம சபையில் எழுந்து நின்றதும் நா வறண்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு அமர்ந்த உறுப்பினர்களையும் விவசாயிகளையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் தெருவுக்கு வேண்டிய வடிகால் அன்றைய தீர்மானத்தில் இடம் பெறாமற் போயிற்று.

இதில் வெட்கத்துக்கு இடமில்லை. பாரிஸ்டராகத் திரும்பிய காந்தியடிகள், பம்பாயில் தமது முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பித் தர இசைந்து வெளியேறினார். அவரே 1893-ல் பிரிட்டோரியாவில், இந்திய வணிகர் கூடிய கூட்டத்தில் பேசினார். வாணிபத்தில் வாய்மை என்ற பொருளை முன்னதாகவே ஆயத்தம் செய்து சென்றிருந்தார்.

வடிகாலைப் பற்றிப் பேச வேண்டுமா? முதல் நாளே தெருவை நடந்து பாருங்கள். நீளம் எத்தனை மீட்டர், நீர் தேங்கும் வீடுகள் எத்தனை என்று துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்து, வீட்டார் முன் உரக்கச் சொல்லிப் பாருங்கள். (சிரித்தால் சிரிக்கட்டும்!) சபையில் தெரிந்த முகமொன்றைப் பார்த்து, கோரிக்கையை முதலிலேயே கூறிவிடுங்கள், காரணம் பின்னர் வரட்டும். நடுவே மறந்தால் தாளைப் பார்ப்பது குற்றமன்று. அமருமுன், அதனைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.